சங்கக்கடை வரிசையும் முகாம் பதிவேடும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் வட்டாரத்துக்குப் போர் பெரும்பாலும் ஆர்டராகத்தான் வந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பூட்ஸ் வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோலை அரசே விலை வைத்து மொத்தமாக வாங்கியது. எங்கோ சண்டை நடந்தது, இங்கே தொட்டிகள் நிறைந்தன.

1983க்குப் பிறகு வந்து சேர்ந்த போர் வேறு வழியில் வந்தது. ராமேஸ்வரம் கரையில் இறங்கி, மண்டபத்தில் பெயர் பதிந்து, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்ட குடும்பங்களாக வந்தது. வேலூரை ஒட்டி பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் மேல்மொணவூரிலும், ஆம்பூர்ப் பக்கம் மின்னூரிலும் சின்னப்பள்ளிக்குப்பத்திலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. இலங்கையில் போர் 2009 மே மாதத்தோடு முடிந்தது. முகாம்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரு உள்நாட்டுப் போர், துப்பாக்கி தூக்காதவர்களின் அன்றாடத்தை என்ன செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. அயல்நாட்டோடு போர் நடந்தால் அரசு குடிமக்களிடம் சிக்கனம் கேட்கும், ரேஷன் அட்டை கொடுக்கும், வரியைக் கூட்டும். மக்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் அவர்கள் அரசின் ஆட்கள்தான். உள்நாட்டுப் போரில் குடிமக்களில் ஒரு பகுதியினர் மேல் சந்தேகம் விழுந்துவிடுகிறது. அவர்கள் ஊருக்குப் போகும் அரிசி மூட்டையில் எத்தனை மூட்டை எதிரியின் கொட்டிலுக்குப் போகும் என்று தலைநகரம் கணக்குப் போடுகிறது. எதிரணியும் அதே வீடுகளிலிருந்துதான் வரியும் ஆளும் எடுக்கிறது. சோறும் அனுமதியும், அதாவது யாருக்கு எத்தனை கிலோ, யார் எங்கே போகலாம் என்ற இரண்டும்தான் இப்படிப்பட்ட போரின் ஆட்சிக் கருவிகள் என்பது என் எண்ணம். இலங்கைப் போரை இந்தக் கோணத்தில் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையிலிருந்து ஆம்பூர் முகாமின் பதிவேடுவரை ஒரே நூல் ஓடுவது தெரியும்.

தமிழ்நாட்டில் நாம் ஈழப்போரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தலைவர்களைப் பற்றி, தாக்குதல்களைப் பற்றி, கடைசி நாட்களைப் பற்றி. இருபத்தாறு ஆண்டுகள் அங்கே மக்கள் எப்படிச் சமைத்தார்கள், எதில் விளக்கேற்றினார்கள், யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று பேசியது குறைவு.

வெளியுலகிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகைக்குள்ளானபோது உப்புக்கும் தோலுக்கும் தட்டுப்பாடு வந்தது, காகிதப் பணம் மதிப்பிழந்தது. 1863 ஏப்ரல் 2 அன்று ரிச்மண்ட் நகரப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிக் கடைகளை உடைத்தார்கள். ஸ்பெயின் போரில் முற்றுகைக்குள் இருந்த மாட்ரிட் மக்கள் நாள் தவறாமல் கிடைத்த மைசூர்ப் பருப்பு வகைக்குப் பிரதமர் நெக்ரீனின் மாத்திரை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நைஜீரியாவின் பியாஃப்ராவில் 1967 முதல் 1970 வரை பட்டினியே ஆயுதமாக இருந்தது. இலங்கையின் வடக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. ஆனால் அதற்கென்று ஒரு விசித்திரம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தலைக்கு முப்பது கிராம்

1987 ஜனவரியில் கொழும்பு அரசு யாழ் குடாநாட்டுக்கு எரிபொருள் போவதை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் இந்தியா படகுகளில் நிவாரணம் அனுப்பியது, இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி விட்டது. மறுநாள், ஜூன் 4 அன்று, பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் சுமார் 25 டன் பொருட்களைக் குடாநாட்டின் மேல் போட்டன. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர். குடாநாட்டில் அப்போது ஏழெட்டு லட்சம் பேர் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு முப்பது கிராம் சொச்சம். அரசியல் செய்தியாக அது பெரிய விஷயம், அடுத்த மாதமே இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது. சாப்பாடாக அது ஒரு கைப்பிடி அரிசிக்கும் குறைவு. உள்நாட்டுப் போரில் உணவு எப்போதும் இப்படி இரட்டை வேலை பார்க்கிறது. ஊட்டுவதைவிடச் சொல்வதற்கே அது அதிகம் பயன்படுகிறது.

உண்மையான நெருக்கடி 1990 ஜூனில் தொடங்கியது. அந்த ஒப்பந்தத்தின்படி வந்த இந்தியப் படை திரும்பிப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, விடுதலைப் புலிகளுக்கும் அரசுக்கும் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமென்ட், இரும்பு, யூரியா என்று நீண்ட தடைப் பட்டியல் வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து போன்றவை அளந்து அனுப்பப்பட்டன. பட்டியலில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ராணுவக் காரணம் இருந்தது. பேட்டரியில் கண்ணிவெடி வெடிக்கும், சிமென்ட்டில் காவலரண் எழும், யூரியாவில் வெடிமருந்து செய்யலாம். ஆனால் யூரியா இல்லாமல் வெங்காயமும் மிளகாயும் விளையாது. குடாநாட்டின் காசுப் பயிர்களே வெங்காயம், மிளகாய், புகையிலை. அவற்றுக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைக்க மண்ணெண்ணெய் வேண்டும், விளைந்ததை விற்கக் கொழும்புச் சந்தைக்குப் பாதை வேண்டும். இரண்டும் இல்லை. மீனவர்களுக்குக் கடல் மூடியது. காங்கேசன்துறை சிமென்ட் ஆலை நின்றது. ஆக, கடையில் சாமான் இல்லாதது பாதிக் கதைதான். சாமான் வந்தாலும் வாங்கக் கையில் காசு இல்லாமல் போனது மீதிக் கதை.

1990 முதல் 1995 வரையான அந்த ஐந்தாண்டுகளின் கண்டுபிடிப்புகளைப் பற்றி இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் யாழ்ப்பாணத்தார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு எரித்த விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டது. சில துளி பெட்ரோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஆஸ்டின் கார்கள். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழக் களியில் துணி துவைத்தது. பத்திரிகைக் காகிதம் தீர்ந்தபோது கிடைத்த காகிதத்தில் வெளிவந்த ‘உதயன்’. எல்லாம் உண்மை, எல்லாம் பாராட்டத் தக்கவையும்கூட. ஆனால் இந்த நினைவுகள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டுப்பாடு எல்லோரையும் ஒரே மாதிரி தட்டவில்லை. கார் வைத்திருந்தவருக்கு மண்ணெண்ணெயில் கார் ஓட்டுவது சாமர்த்தியம்; கூலிக்காரர் வீட்டில் அதே மண்ணெண்ணெய் விலையேறி, ராத்திரி விளக்கே ஏற்றாமல் போனது. வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீட்டுக்கு உண்டியல் என்ற முறைசாராப் பணமாற்று வழியாகப் பணம் வந்தது. பிள்ளை இல்லாத வீடு சங்கக்கடை நிவாரணத்தை நம்பியிருந்தது. சைக்கிளில் விறகு கட்டி விற்றவர்களின் கதையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

இனி அந்த விசித்திரம். கொழும்பு அரசு குடாநாட்டின் மேல் குண்டும் போட்டது, அங்கிருந்த ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் டாக்டர்களுக்கும் சம்பளமும் அனுப்பியது. புலிகளின் ஆட்சியிலிருந்த ஊர்களில் அரச அதிபர் என்ற மாவட்ட அதிகாரி கொழும்பின் ஆளாகவே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே விதானையார்கள் என்ற கிராம அலுவலர்கள் குடும்ப அட்டை பதிந்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடைகளில் அரசின் நிவாரண அரிசி வழங்கப்பட்டது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் கொழும்புத் தேர்வுத் துறையின் வினாத்தாள் கப்பலில் வந்து, பங்கருக்குப் பக்கத்தில் இருந்து படித்த பிள்ளைகள் அதை எழுதினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் யாழ் பொது மருத்துவமனையைப் பாதுகாப்பு வலயமாக வைத்துக் காத்தது. தனிநாடு கேட்ட பகுதி மீது இறையாண்மையை விட்டுக் கொடுக்கவில்லை என்று காட்டக் கொழும்புக்கு இந்தச் சம்பளமும் அரிசியும் வேண்டியிருந்தன. புலிகளுக்கும் அது வசதி; மக்களுக்குச் சோறு போடும் செலவு அவர்கள் தலையில் விழவில்லை. இரண்டு தரப்புக்கும் பயன்பட்ட ஏற்பாடு என்பதால்தான் அது இத்தனை ஆண்டு நீடித்தது.

இரண்டு அரசின் குடிமக்கள்

குடாநாட்டை விட்டு வெளியேறுவது இரண்டு பக்கமும் அனுமதி கேட்கும் காரியமாக இருந்தது. ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. பூநகரியில் ராணுவ முகாம் வந்தபின் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டது. மிஞ்சியது கிளாலிக் கடனீரேரி. இரவில் விளக்கில்லாப் படகுகளில், கடற்படையின் துப்பாக்கிக்குப் பயந்து, மக்கள் அதைக் கடந்தார்கள். 1993 ஜனவரி 2 அன்று அப்படிக் கடந்தவர்கள் பலர் கடற்படையால் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகில் ஏறுவதற்கு முன் புலிகளிடம் பாஸ் வாங்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்குப் பிணையாக இன்னொருவர் ஊரில் நிற்க வேண்டும். இளவயதினருக்கு அனுமதி கிடைப்பது அரிது. வரியும் உண்டு, 1990 வாக்கில் குடும்பத்துக்கு இரண்டு பவுன் தங்கம் கேட்டு வாங்கப்பட்டது. தாலிக்கொடியே சேமிப்பாக இருக்கும் சமூகத்தில் இரண்டு பவுன் என்றால் என்ன என்று ஆம்பூர்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1990 அக்டோபரில் நடந்ததை இந்தத் தோல் வட்டாரத்தில் இருந்துகொண்டு பேசாமல் போக முடியாது. வடமாகாண முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், புலிகளின் உத்தரவில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30 அன்று இரண்டு மணிநேரம்தான் அவகாசம். நகைகளும் சாமான்களும் வழியிலேயே பறிக்கப்பட்டன. பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் போய் விழுந்தார்கள். தமிழ் பேசிய, அதே தெருவில் கடை வைத்திருந்த, அதே பள்ளியில் படிப்பித்த மக்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் முஸ்லிம் வியாபாரிகளும் மற்ற சமூகத் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் நம்பித் தொழில் நடத்தும் வட்டாரம் இது. ஒரு நாளில் அந்த ஏற்பாட்டில் பாதியைப் பிடுங்கி எறிந்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்தால், யாழ்ப்பாணத்தின் வணிகம் அன்று இழந்ததும் புரியும், அக்கம்பக்கம் என்பதே இல்லாமல் போனதும் புரியும். தமிழ்நாட்டு மேடைகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முற்றுகையைக் கண்டிக்கிற நாக்கு வெளியேற்றத்தையும் கண்டிக்க வேண்டும்.

சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 அக்டோபர் 30 அன்று, ராணுவம் நெருங்கியதும் யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமத்து மக்கள் முழுவதையும் இரவோடிரவாக வெளியேறச் சொன்னார்கள் புலிகள். நான்கு ஐந்து லட்சம் பேர் செம்மணி, நாவற்குழி வழியாக மழையில் நடந்தார்கள். நோயாளிகளையும் கிழவர்களையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். டிசம்பரில் ராணுவம் நகரில் கொடியேற்றியபோது அது கிட்டத்தட்ட ஆளில்லா நகரம். 1996இல் பலர் திரும்பினார்கள், பலர் குடாநாட்டுக்குத் தெற்கே புலிகளின் வசமிருந்த வன்னிக்குப் போனார்கள், சிலர் படகேறினார்கள். திரும்பியவர்களுக்கு இப்போது ராணுவத்தின் பாஸ் வேண்டியிருந்தது. வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று வகை வகையான பாஸ். கொடுத்த கை மாறியது, பாஸ் மாறவில்லை.

‘முறிந்த பனை’யை எழுதிய யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வரும் பல துப்பாக்கிகளுக்கு நடுவே சிக்கிய இந்த வாழ்வை உள்ளிருந்தே பதிவு செய்தவர்கள். அவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னொருவரான மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரின் மனத்தை மட்டுமல்லாமல் குடும்பம், ஊர், நம்பிக்கை என்ற அமைப்புகளையே சிதைக்கிறது என்று பின்னாளில் விரிவாக எழுதினார். அவர் சொன்னதற்கு ஒரு சாதாரண உதாரணம் போதும்: இரவில் நாய் குரைத்தால் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காத ஊர். வந்திருப்பது ஆமியா இயக்கமா என்று தெரியாது, பார்த்தேன் என்று சொல்லவும் முடியாது.

எத்தனை பேர் என்ற கேள்வி

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை மீண்டும் மூடப்பட்டது. 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு நான்கு ஆண்டு கிடைத்த மூச்சு நின்றது. யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை வரிசைகள் திரும்பின. வன்னியிலோ புலிகள் வேறொரு வரி வசூலித்தார்கள்: வீட்டுக்கு ஒருவர் போருக்கு. 2007, 2008 காலத்தில் பெற்றோர் பிள்ளைகளைப் பரணிலும் காட்டிலும் ஒளித்தார்கள், மணமானவர்களை எடுக்க மாட்டார்கள் என்று நம்பிச் சின்ன வயதிலேயே அவசரக் கல்யாணம் செய்தார்கள். அந்த நம்பிக்கையும் பின்னால் பொய்த்தது.

பிறகு 2009. போரின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே போராட்டமாயிற்று. பிப்ரவரியில் அரசு சொன்ன எண்ணிக்கை ஏறத்தாழ 70 ஆயிரம். களத்திலிருந்த அரசின் சொந்த அதிகாரிகளே 3 லட்சத்துக்கு மேல் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். உணவும் மருந்தும் எந்த எண்ணிக்கைக்கு அனுப்பப்பட்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, அரசு எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னதையும், அதனால் குறைவான உணவும் மருந்தும் போனதையும் எழுதியது; 40 ஆயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றும் சொன்னது. மக்களைப் போகவிடாமல் தடுத்ததும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதும் புலிகள் என்று அதே அறிக்கை சொல்கிறது. அரிசி, உப்பு, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிதான் அந்த நாட்களின் சாப்பாடு. இப்போது ஆண்டுதோறும் மே மாதம் அந்தக் கஞ்சியையே காய்ச்சிக் கொடுத்து நினைவுகூர்கிறார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தார்கள். 70 ஆயிரம் என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். தொகை தவறு என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

தெற்கின் வீடுகளும் போரிலிருந்து விலகி இருக்கவில்லை. 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியின்போது கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று சுவரில் ஏறினால் ஊர்க்கடை மூடியது, பஸ் நின்றது. இந்தியப் பொருளை விற்பவருக்கு மரண பயம். அதை அடக்க வந்த அரசுப் படைகள் பல்லாயிரம் சிங்கள இளைஞர்களைக் காணாமல் ஆக்கின. யாழ்ப்பாணத்தில் 1984இல் தாய்மார்கள் அமைத்ததைப் போலவே தெற்கில் 1990இல் அன்னையர் முன்னணி எழுந்தது. ஒரே தீவின் இரண்டு முனைகளில் பெண்கள் மகன்களின் புகைப்படத்தோடு நின்றார்கள். பிறகு ஏழைச் சிங்களக் கிராமங்களுக்கு ராணுவச் சம்பளமே முக்கிய வருமானமானது. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கி தகர்க்கப்பட்டதில் 91 பேர் இறந்தார்கள். பஸ் குண்டுகளின் காலத்தில், பிள்ளைகள் தாய் தகப்பன் இருவரையும் ஒருசேர இழந்துவிடக் கூடாதென்று கணவனும் மனைவியும் வேறு வேறு பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள் என்று அந்நாட்களை அறிந்தவர்கள் சொல்வதுண்டு.

போர் முடிந்தபின் சுமை பெண்கள் மேல் இறங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து 89 ஆயிரம் போர் விதவைகள் என்று 2010இல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவர் சொன்னார். காணாமல் போனவரின் மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கினால் உதவித்தொகை கிடைக்கும், வாங்கினால் தேடுவதை நிறுத்திவிட்டதாக ஆகும். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடர் போராட்டத்தில் உட்காரத் தொடங்கிய, காணாமல் போனவர்களின் தாய்மார்கள் அந்தச் சான்றிதழை மறுத்துத்தான் உட்கார்ந்தார்கள். வெற்றிடத்தை நிரப்ப வந்த நுண்கடன் கம்பெனிகள் வாரத் தவணையோடு வாசலில் நின்றன. 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய சிறு கடன்களை அரசே தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது முற்றியது. வாரத் தவணை, குழுக்கடன் என்பதெல்லாம் நம் பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பெண்களுக்கும் பழக்கமானவைதான்.

பாலாற்றங்கரையில்

வேலூருக்கும் இலங்கைக்கும் உறவு பழையது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கர் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா ஜான் ஸ்கடர் முதலில் மருத்துவம் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். இவற்றை நினைவுத் தூண்களாக மட்டும் பார்த்தால் போதும். நம் காலத்து உறவு கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலில் நடந்தது: தொண்ணூறுகளில் புலிகளை அடைத்து வைத்த சிறப்பு முகாம் அது. 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். செய்தித்தாள்களுக்கு அது துப்பறியும் கதை. முகாம்களில் இருந்த சாதாரணக் குடும்பங்களுக்கு, அடுத்த மாதத்திலிருந்து சோதனை கடுமையாகும் என்பதன் அறிகுறி.

ஏனென்றால் அவர்கள் அதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சென்னையிலிருந்து வேலூருக்கு வரும் இதே நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். அதுவரை அகதி என்றால் பரிவு, பிறகு சந்தேகம். கல்லூரிச் சலுகைகள் நின்றன, தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் வரத் தடை வந்தது, வாடகை வீடு கிடைப்பது அரிதானது. 1992 முதல் 1995 வரை ஏறத்தாழ 54 ஆயிரம் பேர் போர் நடக்கும் நாட்டுக்கே கப்பலேற்றப்பட்டார்கள். அதில் எத்தனை பேர் விருப்பத்தோடு போனார்கள் என்பது அன்றே கேள்விக்குள்ளானது. 1983 முதல் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்திருந்தார்கள். இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள், வெளியே பதிவோடு இன்னும் முப்பதாயிரம் சொச்சம்.

முகாம் வாழ்க்கையின் நடுவில் இருப்பது செக்கிங். வருவாய்த் துறை அலுவலர் வந்து பெயர் வாசிப்பார், குடும்பம் முழுதும் நிற்க வேண்டும். நிற்காதவர் பெயரில் அரசு தரும் மாதப் பணக்கொடை நிற்கும். வேலைக்காகக் கேரளத்துக்கோ பெங்களூருக்கோ போன ஆள் ஒரு நாள் கூலியை விட்டுத் திரும்பி வந்து நிற்பது பல ஆண்டு வழக்கம். வெளியூர் தங்க அனுமதி, மேலே கியூ பிரிவு போலீசின் கண். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம். பிள்ளை வளர்ந்து கல்யாணம் ஆனால் அதே அறைக்கு நடுவே சேலைத் தடுப்பு. விதானையாரின் பதிவேட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் வந்து சேர்ந்தது இன்னொரு பதிவேட்டுக்கு. ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், இங்கே குண்டு விழவில்லை, பள்ளிக்கூடம் இருந்தது, 108 ஆம்புலன்ஸ் வந்தது. நன்றியோடு அதைச் சொல்கிறவர்கள் முகாம்களில் ஏராளம்.

ஆண்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைதான் தமிழ்நாடெங்கும் முகாம்களின் தொழில். பொறியியல் படித்த பையனும் ஏணியில் நிற்பான். அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, பாஸ்போர்ட் கேட்கும் கம்பெனிக்குப் போக முடியாது. இந்த வட்டாரத்தில் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி வேலை என்றால் ஷூ கம்பெனி. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊர் ஊராக நின்று ஏற்றிப் போகும், அப்பர் தைக்கிற மேசைகளில் பெரும்பாலும் பெண்கள்தான். ஐரோப்பாவுக்குப் போகிற காலணிக்கு இங்கே தையல் விழுகிறது. தையல் போடுகிறவர் முகாம்காரராக இருந்தால் அந்தக் காலணி போகிற இடத்துக்கு அவர் போகச் சட்டமில்லை. தோல் கழிவு கெடுத்த பாலாற்று நிலத்தடி நீரை மட்டும் ஊர்க்காரர்களும் முகாம்காரர்களும் வேறுபாடில்லாமல் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தோல் ஆலைகளுக்கு அபராதம் விதித்துத் தீர்ப்பளித்தது. அது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

2021இல் சில மாற்றங்கள் வந்தன. அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று ஆனது. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் மேல்மொணவூருக்கு வந்து, முகாம்களில் 3,510 புதிய வீடுகள் கட்டும் பணிக்கு அடிக்கல் நாட்டினார். சுவரும் கூரையும் நிஜமாகவே மேம்பட்டன. ஆனால் வீடு கட்டிக் கொடுப்பது மாநிலத்தின் கையில், குடியுரிமை மத்திய அரசின் கையில்.

குடியுரிமைக் கணக்கு சிக்கலானது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கடுமை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த விதியின்படி பாஸ்போர்ட் கொடுக்க வேண்டுமென்று 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் முகாமில் பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது, அதில் இலங்கை இல்லை. போரில் தப்பி வந்த மலையகத் தமிழர்கள் விஷயத்தில் இது இரட்டை வினோதம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவே ஏற்பதாகச் சொன்ன மக்களின் சொந்தங்கள் அவர்கள்.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தங்கியதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை தளர்ந்தது என்ற அளவில் இது பெரிய ஆறுதல்தான். குடியுரிமைக்கு மனுப்போட வழி திறக்குமா என்பதற்கு அந்த உத்தரவில் பதில் இல்லை.

திரும்பிப் போகலாமே என்பவர்களுக்கு அதே ஆண்டு மே மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு முகாமில் இருந்த எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில், முறையான ஆவணத்தோடு, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கினார். அவரைக் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்பதுதான் குற்றச்சாட்டு. எதிர்ப்புக் கிளம்பியதும் இந்த நடைமுறையை மாற்றுவோம் என்று கொழும்பு சொன்னது. செய்தி முகாம்களுக்கும் வந்து சேர்ந்தது. போவதா இருப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வீடுகளில் பலர் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த செக்கிங் தேதியை விசாரித்தார்கள்.